நோயாளி பராமரிப்பு உதவியாளர் பயிற்சி: செய்முறை நன்று, கண்காணிப்புப் பாடம் போதாது

நோயாளி பராமரிப்பு உதவியாளர்களுக்காக ஒரு தனியார் மையம் நடத்தும் அடிப்படைப் பயிற்சியை முழுமையாக முடித்தபின் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நோயாளியைத் தொட்டுச் செய்ய வேண்டிய வேலைகளை இங்கே மிக நன்றாகச் சொல்லித் தருகிறார்கள். நோயாளியிடம் கண்ட மாற்றத்தைச் செவிலியரிடம் எப்படித் தெரிவிப்பது என்பதைப் பற்றியோ அநேகமாக எதுவும் சொல்வதில்லை.

பயிற்சியின் சிறந்த பகுதி, நோயாளியைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும் செய்முறை. நாற்காலியை நோயாளியின் பலமுள்ள பக்கத்தில் நிறுத்துவது, பிரேக்கைப் பூட்டுவது, கால் தாங்கியை மடக்குவது, கட்டில் விளிம்பில் சற்று நேரம் உட்காரவைத்துத் தலைச்சுற்றல் இருக்கிறதா என்று கேட்பது ஆகிய ஒவ்வொன்றையும் கைப்பழக்கமாகும்வரை செய்ய வைத்தார்கள். பக்கவாதம் வந்தவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் வலுவிழந்த தோள்மூட்டு விலகக்கூடும் என்பதையும், படுக்கையில் இழுத்து நகர்த்தினால் தோல் உராய்ந்து புண்ணாகும் என்பதால் உடலுக்கடியில் விரித்த துணியைப் பிடித்தே நகர்த்த வேண்டும் என்பதையும் காரணத்தோடு விளக்கினார்கள். பயிற்சி பெறுபவர் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது நோயாளியாகப் படுத்தாக வேண்டும் என்பது அங்கே விதி. சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் நம்மைப் புரட்டும்போது உடல் எப்படி விறைத்துக்கொள்கிறது என்பதை எந்தப் பாடக்குறிப்பாலும் உணர்த்த முடியாது.

கை சுத்தம் பற்றிய வகுப்பும் பாராட்டுக்குரியது. கைகளைச் சுத்தம் செய்தாக வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறும் ஐந்து தருணங்களை ஒப்பிக்க வைப்பதோடு நிறுத்தாமல், புற ஊதா விளக்கில் ஒளிரும் திரவத்தைப் பூசிக் கைகழுவச் சொன்னார்கள். கழுவியபின் விளக்கின் அடியில் நீட்டியபோது பலருடைய கட்டைவிரல் அடியும் நகக்கண்களும் பளிச்சென்று ஒளிர்ந்தன. சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி, ஆல்கஹால் கலந்த கைத்திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி என்ற அளவின் அவசியம் அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. கையுறை அணிந்திருந்தாலும் அதைக் கழற்றியபின் கைகழுவியே ஆக வேண்டும் என்பதைப் பயிற்றுநர் சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொன்னார்.

படுக்கைப்புண் பாடத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பதை மாறாத விதிபோலக் கற்பித்தார்கள். தோலின் நிலை, நோயாளியின் உடல்வாகு, மெத்தையின் தன்மை ஆகியவற்றைப் பொறுத்து அந்த இடைவெளி மாறும். ஆனால் சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்கும்போது அது வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும், அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது என்ற இரண்டையும் தெளிவாகச் சொன்னார்கள். குளிப்பாட்டுதல், வாய் சுத்தம், பெட்பேன் வைத்தல் ஆகிய பாடங்களில் குறைசொல்ல ஒன்றுமில்லை. குழாய்வழி உணவு பற்றிய வகுப்பை மதிய உணவு முடிந்தவுடன் வைத்ததுதான் கொஞ்சம் கொடுமை. தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தியிருக்க வேண்டும் என்ற முக்கியமான செய்தியைப் பாதிப் பேர் தூக்கக் கலக்கத்தில்தான் கேட்டார்கள்.

ஏமாற்றம் தந்தது கண்காணிப்புப் பாடம். பெரியவர்களுக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 100, மூச்சு 12 முதல் 20 என்று ஒரு பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தார்கள். எண்ணுவது தெரிந்தால் நோயாளி தன்னையறியாமல் மூச்சை மாற்றிக்கொள்வார் என்பதால், நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்தபடியே ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும் என்ற நுட்பத்தைக்கூடக் கற்றுத் தந்தார்கள். எண்ணிக்கை 28 என்று வந்தால் யாரிடம், எவ்வளவு விரைவாக, எந்தச் சொற்களில் சொல்வது என்பது மட்டும் பாடத்தில் இல்லை. மாதிரிப் பதிவேட்டில் பல வரிகளில் ‘நோயாளி நலம்’ என்றே எழுதியிருந்தது. ‘கால் பங்கு உணவுதான் உட்கொண்டார், இரண்டாம் வாய்க்கே இருமினார், காலையிலிருந்து சிறுநீர்ப் பையில் அளவு கூடவில்லை’ என்று எழுதினால்தான் அடுத்து வருபவருக்குப் பயன்படும். திடீர்க் குழப்பம், வாய் கோணுதல், பேச்சுக் குழறல் போன்ற அறிகுறிகள் தென்பட்ட நொடியே உதவிக்கு அழைக்க வேண்டும் என்பது ஒரே வரியில் கடந்து போயிற்று.

உதவியாளர் எதைச் செய்யக் கூடாது என்பதும் மேலோட்டமாகவே இருந்தது. ஊசி போடுங்கள், ஆக்சிஜன் அளவைக் கூட்டுங்கள் என்று குடும்பத்தினரே வற்புறுத்தும்போது எப்படி மறுப்பது என்ற கேள்விக்கு, ‘செவிலியரைக் கேளுங்கள்’ என்பதே விடையாகக் கிடைத்தது. மருத்துவமனையில் அது சரியான விடை. வீட்டில் தனியாக நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் செவிலியருக்கு எங்கே போவார்?

ஆகவே செவிலியரின் மேற்பார்வையில் பணியாற்றப் போகிறவர்களுக்கு இந்தப் பயிற்சியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வீடுகளுக்குத் தனியே செல்லவிருப்பவர்களுக்கு இது மட்டும் போதாது. அவர்கள் பணம் கட்டுவதற்கு முன் பதிவேடு எழுதும் பயிற்சியும் அவசரநிலை ஒத்திகையும் தனியாகக் கிடைக்குமா என்று மையத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.