வெளியூரில் நாடகம்: வேனா, ரயிலா?

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்துவிட்டால் எங்கள் கோயில் பங்கு இளைஞர்கள் போடும் இயேசுவின் பாடுகளின் நாடகத்துக்கு வெளியூர் அழைப்பு ஒன்றாவது வரும். சென்னையிலிருந்து திருநெல்வேலிப் பக்கம் ஒரே கிராமத்துக்கு இரண்டு வருஷம் போனோம். முதல் வருஷம் வேன், அடுத்த வருஷம் நெல்லை எக்ஸ்பிரஸ். வெள்ளி இரவு கிளம்பி, சனி இரவு ஆடி, ஞாயிறு பூசை பார்த்துத் திரும்ப வேண்டும். மொத்தம் 22 பேர்.

சாமானைப் பொறுத்தவரை வேன்தான் ராஜா. ரோமைச் சேவகர்களின் தெர்மோகோல் கேடயம், ஈட்டி, ஸ்பாட் லைட், 9 அடிச் சிலுவை எல்லாவற்றையும் மேலே ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டிவிடலாம். கடைசி நாளில் ஆள் மாறினாலும் கவலையில்லை. ரயிலில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கும், அன்றைக்கே போட்டால்தான் இத்தனை படுக்கையும் ஒரே பெட்டியில் கிடைக்கும், ஆனால் அந்த நேரத்தில் எங்கள் குழுவில் பிலாத்து வேஷம் யாருக்கு என்பதே முடிவாகியிருக்காது. டிக்கெட்டில் பெயர் மாற்றலாமே என்றால், அது குடும்பத்துக்குள் என்றால்தான் சுலபம். பிலாத்துவும் யூதாசும் அண்ணன் தம்பி என்று எந்தக் கவுண்டரில் போய்ச் சொல்வது?

செலவு? ஆளுக்குப் பங்கிட்டால் ஸ்லீப்பர் டிக்கெட்தான் மலிவு. டோல், டிரைவர் பேட்டா எல்லாம் சேர்ந்தால் வேன் எகிறிவிடும். ஆனால் நான் ரயில் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் காசு இல்லை, தொண்டை.

வெள்ளி மாலை தாம்பரம் தாண்டி பரனூர் டோல் வரைக்கும் வண்டி ஊர்ந்துதான் போகும் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். அந்த எரிச்சலில் யாரோ பாட்டை ஆரம்பித்தார்கள், அப்புறம் அந்தாக்‌ஷரி, திருச்சி வரை கத்தல், நடுநடுவே ஏசிக் காற்று வேறு. வழியிலேயே ஒத்திகை பார்த்துவிடலாம் என்று போட்ட திட்டம் விழுப்புரத்தைக்கூடத் தாண்டவில்லை. மறுநாள் மேடையில் தலைமைக் குரு கயபா பேசியது முதல் வரிசைக்கே கேட்கவில்லை. ரயிலில் அந்த ஆட்டம் நடக்காது. 10 மணிக்கு நடுப் படுக்கையைப் போட்டு விளக்கை அணைத்துவிட்டால் எதிர்ப் படுக்கைப் பெரியவர் ஒருவரே போதும், 22 பேரையும் அடக்கிவிடுவார். விடிந்து இறங்கியபோது எல்லாருக்கும் குரல் இருந்தது.

இல்லாமல் போனது சிலுவை. ஸ்லீப்பரில் ஆளுக்கு 40 கிலோ இலவசம்தான், எடையில் சிக்கல் இல்லை. ஆனால் பெட்டி 100 சென்டிமீட்டர் நீளத்தைத் தாண்டினால் ரயிலோடு வரும் லக்கேஜ் பெட்டியில் தனியாகப் புக் செய்ய வேண்டும். அந்த அலைச்சல் எதற்கு, சிலுவை இல்லாத ஊர்க் கோயில் எது என்று உள்ளூரிலேயே இரவல் வாங்கினோம். கொடுத்தார்கள், அசல் தேக்கு. எங்களுடையது பிளைவுட்டில் உள்ளே வெறும் கூடு. இயேசுவாக நடித்த தம்பி மூன்று முறை விழ வேண்டியவர், நான்காவது முறையும் விழுந்தார். அது நடிப்பில்லை என்று எங்களுக்கு மட்டும்தான் தெரியும். கிராமத்துப் பாட்டிகள் அழுதே விட்டார்கள்.

திரும்பும்போதும் ரயில்தான் மேல். திங்கள் காலை எழும்பூரில் இறங்கி நேரே ஆபீஸ் போகலாம். வேனில் வந்தபோது, இரண்டு நாள் ஒரே டிரைவர் ஓட்டுகிறாரே என்ற பயத்தில் முன் சீட்டில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தேன். ஒன்று மட்டும் வேனுக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும்: பிள்ளைகளைக் கோயில் வாசலில் ஏற்றி அங்கேயே இறக்குவதால் பெண் பிள்ளைகளின் அம்மாக்கள் சட்டென்று சம்மதிப்பார்கள்.

வரும் தவக்காலத்துக்கும் ரயில் என்றே முடிவு. சிலுவையைத் தச்சரிடம் கொடுத்து நெடுங்கட்டை மூன்று, குறுக்குக்கட்டை இரண்டு என்று ஐந்து துண்டாக்கி, ஒவ்வொன்றும் 90 சென்டிமீட்டர் வருகிற மாதிரி போல்ட் போட்டு வாங்கியிருக்கிறோம். தூக்கி நிறுத்தினால் இன்னும் கொஞ்சம் ஆடுகிறது.