பதினெட்டு பேட்டியா, ஒரே பேருந்தா?

கல்லூரி மாணவர்கள் என்ன வாசிக்கிறார்கள் என்று நாங்கள் நாலு பேர் சேர்ந்து பன்னிரண்டு நிமிட ஆவணப்படம் ஒன்று எடுத்தோம். நாலு பேருக்கும் அதுதான் முதல் படம். ராமநாதபுரத்தில் ஆரம்பித்து ராமேஸ்வரம் வரை களம். இப்போது ஜூனியர்கள் அதே மாதிரி ஒன்று எடுக்கப் போகிறார்கள். நிறையப் பேரிடம் பேட்டி எடுப்பதா, ஒரே ஆளைப் பின்தொடர்வதா என்று அவர்களுக்குள் சண்டை. நாங்கள் இரண்டையும் செய்து பார்த்தோம்.

பேட்டியில் வேலை சீக்கிரம் முடியும். மைக்கை நீட்டினால் ஒரே மதியத்தில் பதினெட்டு பேர். ஆனால் தமிழில் இந்தக் கேள்வியே வழுக்குகிறது. "என்ன படிக்கிறீங்க?" என்றால் "பி.காம் செகண்ட் இயர்" என்று பதில் வரும். "பாடம் இல்லாம?" என்றால் டிஎன்பிஎஸ்சி கைடு. சரி, "வாசிக்கிற பழக்கம் உண்டா?" என்று மாற்றிக் கேட்டோம். பேச்சுப்போட்டி மேடை ஏறியதுபோல எல்லாரும் நிமிர்ந்துவிட்டார்கள். கலாம் பிறந்த ஊர்ப் பக்கம் வேறு. அவர் புத்தகத்தைச் சொல்லாதவர்கள் குறைவு. எந்த இடம் பிடித்தது என்று கேட்டால் மட்டும் சிரிப்பு.

அவர்கள் மேல் தப்பில்லை, கேள்வி அப்படி. "கடைசியா எந்தப் புத்தகத்தைப் பாதியில நிறுத்துனீங்க?" என்று கேட்க ஆரம்பித்த பிறகுதான் வாய் திறந்தார்கள். "பேய்க் கதைண்ணா. ஹாஸ்டல்ல கரண்ட் போயிருச்சு, மூடி வெச்சுட்டேன்" என்றார் ஒரு பெண். அந்தப் பதினெட்டு பேரில் கடைசிவரை படத்தில் தங்கியது அவர் ஒருவர்தான்.

பின்தொடர்வது பொறுமையைச் சோதிக்கும். ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்திலிருந்து தினமும் ராமநாதபுரம் வந்து போகிற ஒரு மாணவி சம்மதித்தார். வீட்டிலும் போய்ப் பேசிவிட்டுத்தான் ஆரம்பித்தோம். மூன்று நாள் சாயங்கால பஸ்ஸில் கூடவே போனோம். முதல் நாள் தூங்கினார், இரண்டாம் நாள் இயர்போன், மூன்றாம் நாள் தோழியோடு அரட்டை. நாலாம் நாள் பஸ் பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறியது. இரண்டேகால் கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளம். 2025-ல் திறந்த புது ரயில் பாலத்தைப் படம் பிடிக்க வெளியூர்க்காரர்கள் ஜன்னலுக்கு ஜன்னல் தாவுகிறார்கள். இவர் செல்போனில் ஒரு தொடர்கதையைக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே வருகிறார். பாலம் முடியும்வரை தலை நிமிரவில்லை. கிடைத்தது நாற்பது விநாடி. பதினெட்டு பேட்டிக்கும் அதற்கும் எடை போட்டால் எனக்கு அந்த நாற்பது விநாடிதான் படம். முதல் படம் எடுப்பவர்கள் ஒரே ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பேன். பேட்டியும் அதே ஆளிடம் கடைசி நாளில் எடுங்கள். நாலு நாள் கூடத் திரிந்தவனிடம் யாரும் மேடைப் பேச்சு பேச மாட்டார்கள்.

இரவல் கேமராவா, செல்போனா என்றால் இடத்தைப் பொறுத்தது. பஸ்ஸில் கேமராவை எடுத்த நிமிடமே "எந்த சேனல் தம்பி?" என்று முன் சீட்டிலிருந்து குரல் வரும். அங்கே செல்போன்தான். நூலகத்தில் கேமரா ஜெயித்தது. பழைய டியூப் லைட்டுக்குக் கீழே செல்போன் கேமராவை ஆட்டோ மோடில் விட்டால் படத்தில் கறுப்புப் பட்டை ஓடலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடியில் நிறுத்தினால் அது அடங்கும். எங்கள் செல்போனில் அதை மாற்ற வழியில்லை. 4கே வேண்டாம், மெமரி கார்டும் லேப்டாப்பும் திணறும்.

காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் காலர் மைக் வாங்குங்கள். ஆடி மாதம் பாம்பன் கரையில், கேமராவின் சொந்த மைக்கை நம்பி ஒரு பெண்ணிடம் ஒரு மணி நேரப் பேட்டி எடுத்தோம். போட்டுக் கேட்டால் கச்சான் காற்று மட்டும்தான் பேசியிருந்தது. மறுபடி எடுக்கும்போது சின்ன காலர் மைக்குக்குப் பஞ்சு உறை மாட்டி, துப்பட்டா மடிப்புக்குள் குத்தி, படகின் மறைவில் உட்கார வைத்தோம். குரல் தெளிவாக வந்தது. ஆனால் முதல் தடவை சொன்னதை அவர் அதே மாதிரி திரும்பச் சொல்லவில்லை.

பின்னணிக் குரல் வைப்பதா என்ற சண்டை எங்களிடமும் நடந்தது. எழுதிப் பதிவு செய்து, கேட்டுவிட்டு, தூக்கி எறிந்தோம்.

எடிட் முடிந்ததும் அந்த மாணவிக்குப் போட்டுக் காட்டினோம். பாலக் காட்சியை இரண்டு தடவை பார்த்தார். "நல்லாருக்குண்ணா. கதை பேரு மட்டும் தெரியாம பண்ணிருங்க, அம்மா பார்ப்பாங்க" என்றார். திரையை மங்கலாக்கினோம். இப்போது படத்தில் கட்டைவிரல் மட்டும் நகர்கிறது.