பெயர் மாறி வந்த சாட்டைவால் கெளுத்தி: ஆறு ஆண்டு அனுபவம்

நான் இரண்டு சாட்டைவால் கெளுத்திகளை வாங்கிய கடைத் தொட்டியில் ஒட்டியிருந்த சீட்டில், அவ்வகை மீன்களில் ஒரு பேரினமான 'ஃபார்லோவெல்லா'வின் பெயர் எழுதியிருந்தது. கண்ணாடியில் படியும் பாசியை எல்லாம் இது தின்று தீர்த்துவிடும் என்றார் விற்றவர். இரண்டுமே தவறு. அந்த இரண்டு மீன்களும் ஆறு ஆண்டுகளாக என் தொட்டியில் நலமாக இருக்கின்றன. ஆனால், அந்தச் சீட்டை நம்பி முதல் மாதமே அவற்றைப் பட்டினி போட்டுக் கொல்லப் பார்த்தேன்.

சாட்டைவால் கெளுத்திகள் எல்லாமே முதல் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். காய்ந்த சுள்ளி போன்ற உடல், மேலே எலும்புத் தகடுகள், அடிப்புறத்தில் உறிஞ்சும் வாய், தட்டையாகி மெலிந்துகொண்டே போகும் வால். வால் துடுப்பின் மேல் நுனியிலிருந்து நூலிழை ஒன்று நீண்டிருக்கும். சாட்டை என்ற பெயர் அதனால் வந்தது. நிறத்தை வைத்து அடையாளம் சொல்லவே கூடாது. என்னுடைய மீன் மணலில் கிடக்கும்போது ஒரு நிறம், மரவேரில் ஒட்டியிருக்கும்போது வேறு நிறம்.

முதுகுத் துடுப்பு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். ஃபார்லோவெல்லாவுக்கு அது வெகுவாகப் பின்னால் தள்ளி, குதத் துடுப்புக்கு நேர் மேலே இருக்கும். மற்ற சாட்டைவால் பேரினங்களான ரினெலோரிகாரியாவுக்கும் ஸ்டூரிசோமாவுக்கும் முன்னால், இடுப்புத் துடுப்புக்கு மேலே இருக்கும். இந்த இரண்டையும் பிரிக்க மூக்கைப் பார்த்தால் போதும்: ஸ்டூரிசோமாவின் மூக்கு வாயைத் தாண்டி நீண்டிருக்கும், ரினெலோரிகாரியாவுக்கு அந்த நீட்சி இல்லை. 'ராயல் ஃபார்லோவெல்லா' என்று விற்பதும் ஸ்டூரிசோமா வகையைத்தான். இந்தக் குழப்பத்தைக் கிளப்பிவிட்ட புண்ணியவான் யாரோ! என்னிடம் வந்தவை ரினெலோரிகாரியா. அந்தப் பேரினத்தில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. எந்த ஆற்றில் பிடித்தது என்று தெரியாமல் அதற்குமேல் பெயர் சொல்ல நான் துணிவதில்லை.

பெயர் தெரிந்த பிறகுதான் தீனி சரியானது. ஃபார்லோவெல்லா பெரும்பாலும் பாசியையும் இலைதழையையும் மேயும். ரினெலோரிகாரியாவுக்கு அது போதாது, புழு வகைகளும் வேண்டும். நானோ பாசியை நம்பி விட்டுவிட்டேன். பகலில் போட்ட கொஞ்சநஞ்சத் தீனியையும் அதே தொட்டியில் இருந்த பார்ப் என்ற சுறுசுறுப்பான மீன்கள் அடிமட்டம் வரை வரவிடவில்லை. ஒரு நாள் பெண் மீன் கண்ணாடியில் ஒட்டியிருந்தபோது அதன் வயிறு தெரிந்தது. கரண்டியால் வழித்ததுபோல உள்ளே குழிந்திருந்தது. அன்றிலிருந்து விளக்கை அணைத்த பிறகு மூழ்கும் வில்லைகள், வாரம் மூன்று முறை உறைந்த ரத்தப்புழு, இடையிடையே வெந்நீரில் வாட்டிய வெள்ளரித் துண்டு. வயிறு மட்டமாக மூன்று வாரம் பிடித்தது. இந்த மீன் பசித்தாலும் அசையாது, நோய் வந்தாலும் அசையாது. இப்போதும் வாரம் ஒருமுறை அடிவயிற்றைப் பார்த்துவிடுகிறேன்.

பார்ப் மீன்களைப் பிறகு வேறு தொட்டிக்கு மாற்றினேன். வால் இழையைக் கடித்துக் குதறியிருந்தன. கூர்மையான சரளையை எடுத்துவிட்டு நைசான மணல் பரப்பினேன். வெப்பம் 25 டிகிரி, வாரம் தவறாமல் கால் பங்கு தண்ணீர் மாற்றம், ஃபில்டரின் ஓட்டம் ஓரளவு வலுவாக. மற்றபடி இதற்குத் தனிக் கவனிப்பு எதுவும் செய்ததில்லை.

பார்ப்களை மாற்றிய அன்று ஒரு தவறு செய்தேன். கெளுத்தியையும் வலையால் பிடித்தேன். மார்புத் துடுப்பின் முட்கள் வலையில் சிக்கிக்கொண்டன. கத்தரிக்கோலால் வலையை வெட்டித்தான் விடுவிக்க முடிந்தது. உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758இல் இந்தக் குடும்பத்தின் முதல் பேரினத்துக்கு லோரிகாரியா என்று பெயர் வைத்தார். லத்தீனில் லோரிகா என்றால் மார்புக்கவசம். கவசத்தை வலையில் பிடிக்கலாமா? அதன் பிறகு பிளாஸ்டிக் டப்பாதான்.

இரவில் டார்ச் அடித்துக் கண்ணைப் பாருங்கள். முதலில் வட்டமாக இருக்கும் கண்பாவைக்குள் மேலிருந்து சிறு மடல் ஒன்று மெல்ல இறங்கும். சற்று நேரத்தில் பாவை குதிரை லாடம் போல வளைந்துவிடும். இமை இல்லாத மீனுக்கு அதுதான் திரை.

மூன்றாம் ஆண்டில் ஆண் மீனின் கன்னத்தில் முள்மயிர் அடர்ந்தது. ஒரு முழத்துக்கும் குறைவான பிவிசி குழாய்த் துண்டைப் போட்டேன். அதற்குள் புகுந்தவன் ஒரு வாரத்துக்கு மேல் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தால் வயிற்றுக்கடியில் பச்சை கலந்த மஞ்சளில் முட்டைகள், மேலே துடுப்பு விசிறிக்கொண்டு அவன். ஒன்பதாம் நாள் பொரிந்தன. முதல் தடவை நாற்பதில் நான்குதான் தேறின. குஞ்சுகளுக்கு எந்நேரமும் வாயருகே தீனி வேண்டும், தண்ணீரும் கெடக்கூடாது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி. அடுத்த தடவை சிறு தொட்டியில் காய்ந்த இலைகளை நிரப்பி, தினமும் தண்ணீர் மாற்றினேன். இருபதுக்கு மேல் பிழைத்தன. வேறு ரினெலோரிகாரியா இனம் எதையும் உடன் விடவில்லை. எளிதில் கலந்து இனப்பெருக்கம் செய்துவிடும், பெயர்க் குழப்பம் இன்னொரு தலைமுறைக்குப் போகும்.

ஆறு குஞ்சுகளை ஒரு நண்பருக்குக் கொடுத்தேன். பையின்மேல் 'ரினெலோரிகாரியா' என்று பெரிதாக எழுதி, இரவுத் தீனியைப் பற்றி மூன்று வரியும் சேர்த்து ஒட்டினேன். பத்து நாள் கழித்து அவர் தொலைபேசியில் அழைத்தார்.

"எல்லாம் நன்றாக இருக்கின்றன. ஆனால் கண்ணாடியில் பாசி அப்படியே இருக்கிறதே, எப்போது தின்னத் தொடங்கும்?"