கூகுள் ரீடர் போன பிறகும் திரட்டியில்தான் செய்தி படிக்கிறேன்

பல தளங்களின் புதிய செய்திகளை ஒரே இடத்தில் திரட்டித் தரும் சேவையைத் திரட்டி என்பார்கள். கூகுளின் திரட்டியான கூகுள் ரீடரை 2013 ஜூலை 1 அன்று மூடினார்கள். அதற்கு முன்பே ஃபீட்லி என்ற வேறொரு திரட்டிக்கு மாறிவிட்டேன். சில ஆண்டுகள் கழித்து அங்கிருந்து இனோரீடருக்கு. திரட்டிகள் மாறினாலும் பழக்கம் மாறவில்லை. அன்றாடச் செய்தி எனக்கு இன்றும் ஆர்எஸ்எஸ் ஓடை வழியாகத்தான் வருகிறது.

தெரியாதவர்களுக்காக: பல செய்தித் தளங்கள் தாங்கள் வெளியிடும் செய்திகளின் தலைப்பு, சுட்டி, நேரம் ஆகியவற்றை ஒரு சிறு கோப்பில் அடுக்கி வைக்கும். அதுதான் ஓடை. திரட்டி அந்தக் கோப்புகளை அவ்வப்போது எட்டிப் பார்த்து, புதிதாக வந்ததை எடுத்துவரும். தமிழ்மணத்தில் வலைப்பதிவு படித்தவர்களுக்கு இது புரியும். அதுவும் ஓடைகளைத் திரட்டித்தான் இயங்கியது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, படித்து முடிக்க முடிகிறது என்பதுதான். காலையில் அறுபது எழுபது தலைப்புகள் இருக்கும். பத்துப் பன்னிரண்டைத் திறப்பேன், மீதியைப் படித்ததாகக் குறித்துவிடுவேன். முடிந்தது, இனி நாளைக்குத்தான். ஃபேஸ்புக்கில் இந்த முடிவே வராது. ஒரு நடிகரின் விவாகரத்துச் செய்தியைத் தெரியாமல் தொட்டுவிட்டால், அடுத்த பல நாள் அதுவேதான். திரட்டியில் நான் சேர்த்தது மட்டும், வெளியான நேரப்படி வருகிறது.

ஆனால் இந்த நிலைக்கு வர நாளானது. ஆரம்பத்தில் கண்ணில் பட்ட தளத்தையெல்லாம் சேர்த்துவிட்டேன். நான்கு நாள் ஊருக்குப் போய் வந்தால் படிக்காதவை ஆயிரத்தைத் தாண்டி நிற்கும்; பார்த்ததுமே மூடிவிடத் தோன்றும். இப்போது மொத்தம் 23 ஓடைகள். நாளிதழ்களின் முழு ஓடையைச் சேர்ப்பதில்லை. தி இந்து போன்றவை பகுதிவாரியாக ஓடை தருவதால் தமிழ்நாடு, அறிவியல் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். பிபிசி தமிழ் உண்டு. யூடியூப் சேனல்களுக்கும் ஓடை இருக்கிறது. நான்கு சேனல்களை இதில்தான் தொடர்கிறேன்.

குறைகள் உண்டு. சில தமிழ்த் தளங்களில் ஓடையே இல்லை, சிலவற்றில் ஒரு நாள் சொல்லாமல் நின்றுபோகிறது. சில தலைப்பையும் ஒரு வரியையும் மட்டும் தந்து, மீதிக்குத் தளத்துக்கு வரச் சொல்கின்றன.

அவசரத்துக்கு இது உதவாது, அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, ஏரியில் உபரிநீர் திறக்கும் செய்தி திரட்டியில் வந்து சேர்வதற்குள் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. திரட்டி ஓடையை எட்டிப் பார்க்கவே ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அப்புறம் ஒரு பேட்டரி வானொலி வாங்கினேன். மழைக்காலத்தில் வானிலை ஆய்வு மையத்தின் தளத்தை நேரடியாகவே திறந்து பார்த்துவிடுகிறேன்.

உள்ளூர்ச் செய்திக்கும் திரட்டி உதவாது. எங்கள் ஊரில் எந்த வார்டில் குடிநீர் வரவில்லை, எந்தச் சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்பது அம்மா வாங்கும் தினத்தந்தியின் மாவட்டப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அம்மாவே அதை வாசித்துச் சொல்வார்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஐந்து ஓடைகளோடு தொடங்குங்கள். மாதம் ஒருமுறை உங்கள் ஓடைகளின் பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாக (வேறு திரட்டியிலும் ஏற்றக்கூடிய பட்டியல் கோப்பு) இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஃபீட்லியிலிருந்து இனோரீடருக்கு வந்தபோது அந்த ஒரு கோப்பை ஏற்றியதோடு என் வேலை முடிந்துவிட்டது.