ஷாக் அப்சார்பர்: இரட்டைக் குழாயா, ஒற்றைக் குழாயா?

வேகத்தடையைத் தாண்டிய பிறகும் கார் தொட்டில் போல ஆடுகிறதா? ஷாக் அப்சார்பரில் ஆயில் வேறு கசிகிறதா? சரி, மாற்றிவிட வேண்டியதுதான். எதைப் போடுவது?

சாதாரணக் கார்களில் பெரும்பாலும் கம்பெனியே பொருத்தித் தருவது இரட்டைக் குழாய் வகை. உள்குழாயில் பிஸ்டன் ஓடும், வெளிக்குழாயில் மிச்ச ஆயில் நிற்கும். விலை குறைவு, குழியில் இதமாக இறங்கும். கல் பட்டு வெளிக்குழாய் லேசாக நசுங்கினாலும் பிஸ்டன் தப்பித்துவிடும். நம் சாலைகளுக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் கரடுமுரடான பாதையில் விடாமல் குலுங்கினால் ஆயில் சூடாகி, காற்றோடு கலந்து நுரைக்கும். அப்புறம் ஆட்டத்தை அடக்கும் திறன் குறையும். குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜன் அடைத்தவை இதை ஓரளவு தாங்கும்.

ஒற்றைக் குழாயில் நைட்ரஜன் அதிக அழுத்தத்தில், ஆயிலையும் வாயுவையும் பிரிக்கும் மிதக்கும் பிஸ்டனுக்கு அப்பால் தனியாக அடைபட்டிருக்கும். அதனால் ஆயில் எளிதில் நுரைக்காது, சூடும் சீக்கிரம் வெளியேறும். வளைவில் வண்டி கெட்டியாக நிற்கும். விலைதான் கூட, சின்னக் குழிகூட முதுகுக்குத் தெரியும்.

ஊருக்குள் ஓடும் ஸ்விஃப்டுக்கு நான் இரட்டைக் குழாயைத்தான் போடுவேன். எதை வாங்கினாலும் ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள். ஜோடியாக மாற்றுங்கள், மேலே உள்ள மவுண்ட் ரப்பரையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.