அருகம்புல்லா, கொரியன் புல்லா?

சென்னை போன்ற வெப்பமான ஊரில் ஆண்டு முழுவதும் புல்தரை வைத்திருக்க விரும்புவோர் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றையே நாடுகின்றனர். "அருகுபோல் வேரோடி" என்று மணமக்களை வாழ்த்துவது வெறும் அலங்காரமன்று. மண்ணின் மேலும் உள்ளும் ஓடும் தண்டுகளைக் கொண்ட அருகு, சித்திரை வெயிலில் வைக்கோல் நிறமாகக் காய்ந்தாலும், நல்ல மழை ஒன்றிரண்டு பெய்ததும் கணுவுக்குக் கணு துளிர்த்துவிடும். ஆனால் நிழலில் அது நலிந்து திட்டுத்திட்டாக மறையும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையேனும் வெட்டாவிட்டால் பூச்செடிப் பாத்திக்குள் புகுந்துவிடும். கொரியன் புல் மெதுவாக வளர்வதால் வெட்டும் வேலை குறைவு, ஓரளவு நிழலையும் தாங்கும். எனினும் நட்ட துண்டுகளின் இடைவெளி மூடுவதற்கு மாதக்கணக்காகும், வெட்டாமலே விட்டால் மெத்தைபோல் மேடுமேடாக உப்பிவிடும். பிள்ளைகள் ஓடியாடும் திறந்த முற்றத்துக்கு நான் தயங்காமல் அருகையே பரிந்துரைப்பேன். வேப்பமர நிழல் விழும் முன்வாசலுக்குக் கொரியன் புல் பொருந்தும்.