பூட்டிக் கிடக்கும் மலைவீட்டுக்கு எந்தக் காப்பீடு?

கொடைக்கானலிலோ குன்னூரிலோ கோடைக்கென்று ஒரு வீடு வைத்திருப்பவர்கள், ஊரில் தாம் குடியிருக்கும் வீட்டுக்கு எடுத்த அதே காப்பீட்டை யோசிக்காமல் அங்கும் எடுத்துவிடுகிறார்கள். ஆள் புழங்கும் வீட்டில் குழாய் வெடித்தால் அப்போதே தெரிந்துவிடும். ஆண்டில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டில் அடுத்த விடுமுறைக்குக் கதவைத் திறக்கும்போதுதான் தெரியும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துத்தான் பாலிசிகளை ஒப்பிட வேண்டும்.

முதலில் பாரத் கிருஹ ரக்ஷா. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த இந்தப் பொதுத் திட்டம் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் அடிப்படை விதிகள் ஒன்றே. மலைவீட்டுக்கு இது மிகவும் பொருந்துகிறது என்பது என் கருத்து. தீ, மின்னல், புயல், வெள்ளம், நிலநடுக்கம் ஆகியவற்றோடு நிலச்சரிவு, பாறைச்சரிவு, காட்டுத்தீ, மரம் விழுதல் ஆகியவையும் இதில் அடங்கும். 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளையும், 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் வரை வந்து மரங்களைச் சாய்த்ததையும் அறிந்தவர்களுக்கு இவற்றின் அருமை புரியும். மலைச்சரிவில் கட்டடத்தைத் தாங்கி நிற்கும் தடுப்புச்சுவரும் வீட்டின் பகுதியாகவே இதில் கருதப்படுகிறது. ஆனால் மண் கொட்டி நிரவிய மனை தானாக இறங்குவதாலும், புதுக்கட்டடம் இயல்பாக அமர்வதாலும் உண்டாகும் விரிசலுக்கு இழப்பீடு கிடையாது. மலையில் மண்ணை வெட்டி நிரவிக் கட்டிய வீடுகள் மிகுதி என்பதால், இந்த விலக்கைப் படிக்காமல் கையெழுத்திடக் கூடாது.

காப்பீட்டுத் தொகையைக் குறைத்துக் காட்டியதற்காக இழப்பீட்டை வெட்டும் வழக்கம் இதில் இல்லை என்பது மற்றொரு சிறப்பு. 40 லட்ச ரூபாய் பெறும் கட்டடத்தை 30 லட்சத்துக்குக் காப்பீடு செய்து 8 லட்சம் சேதம் ஏற்பட்டால், பழைய விகிதக் கணக்கில் 6 லட்சம்தான் கிடைக்கும். இத்திட்டத்தில் 8 லட்சமும் கிடைக்கும். உள்ளே இருக்கும் பொருட்களுக்கும், பட்டியல் தராமலே, கட்டடத் தொகையில் 20 விழுக்காடு வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்குக் காப்பு உண்டு. பத்து ஆண்டுகள் வரை ஒரேயடியாக எடுக்கலாம் என்பதால், தொலைவில் இருப்பவர்கள் புதுப்பிக்க மறந்துபோகும் ஆபத்தும் குறைகிறது.

இதன் பெரிய ஓட்டை திருட்டு. புயல், தீ போன்ற நிகழ்வு ஒன்று நடந்து, அதன் விளைவாக ஏழு நாட்களுக்குள் திருட்டுப் போனால் மட்டுமே இழப்பீடு. சும்மா பூட்டை உடைத்து கீசரையும் தொலைக்காட்சியையும் எடுத்துச் சென்றால் ஒன்றும் கிடைக்காது. பூட்டிய வீட்டுக்கு முதல் அச்சமே அதுதானே.

அந்த ஓட்டையை அடைக்கவே, தீக்காப்பையும் திருட்டுக்காப்பையும் சேர்த்துத் தரும் கூட்டுப் பாலிசிகள் உள்ளன. பிரீமியம் கூடும். அதைவிட முக்கியம், திருட்டுப் பிரிவில் ஆளில்லாமல் விடும் நாட்களுக்கு வரம்பு இருக்கிறதா என்பது. பழைய நிலையான தீ பாலிசியிலேயே, முன் ஒப்புதல் பெறாமல் கட்டடம் 30 நாட்களுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் காப்பு அற்றுப்போகும் என்ற விதி இருந்தது. ஆகவே, இது விடுமுறை வீடு, ஆண்டில் பெரும்பகுதி பூட்டியிருக்கும் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதி, அதை நிறுவனம் ஏற்றுக்கொண்டதாகப் பாலிசியில் பதியச் செய்தால்தான் கூடுதல் பிரீமியத்துக்குப் பொருள் உண்டு. அப்படிப் பதிந்து தர மறுத்தால், அந்தப் பணத்தை வாட்ச்மேன் சம்பளத்துக்குக் கொடுத்துவிட்டு, விலையுள்ள எதையும் அங்கே வைக்காமல், கிருஹ ரக்ஷாவை மட்டும் எடுப்பதே மேல் என்பேன். மாற்று வீட்டு வாடகை என்ற பயனைக் காட்டி விற்பார்கள்; தங்குவதற்கு ஊரில் சொந்த வீடு இருப்பவருக்கு அதனால் பெரிய ஆதாயம் இல்லை.

வீட்டை ஹோம்ஸ்டேயாக விடுபவர்களின் நிலை வேறு. கிருஹ ரக்ஷா குடியிருப்புக்கானது. நாள் வாடகைக்கு விருந்தினரைத் தங்கவைப்பது வணிகம். அதைச் சொல்லாமல் மறைத்தால், இழப்பீடு கேட்கும்போது, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் கேட்கும் முதல் கேள்வியிலேயே சிக்கல் தொடங்கிவிடும். இத்தகையோர் கேட்டுப் பார்க்க வேண்டியது, 5 கோடி ரூபாய் வரையிலான சொத்துள்ள சிறு தொழில்களுக்கென, கிருஹ ரக்ஷா வந்த அதே நாளில் நடைமுறைக்கு வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. இதில் காப்பீட்டுத் தொகையைக் குறைத்துக் காட்டியதைப் பொருட்படுத்தாமல் விடும் சலுகை 15 விழுக்காடு வரை மட்டுமே என்பதால், கட்டுமானச் செலவை இன்றைய விலையில் பொறியாளரிடம் கணக்கிட்டு வாங்கிக்கொண்ட பிறகே தொகையை எழுத வேண்டும். விருந்தினர் வழுக்கி விழுந்து அடிபட்டால் வரும் பொறுப்பு சொத்துக் காப்பீட்டில் அடங்காது. அதற்குப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டைத் தனியே கேட்டு வாங்க வேண்டும்.